வெல்லச் சங்கிலியும் சங்கேத உவமையும்

அறியாத பொருளை அறிந்த பொருளோடு ஒப்பிட்டு விளக்குதல் புலவர்க்கு மட்டுமே உரிய வழக்கன்று. இதயத்தை நீரிறைக்கும் பொறியென்றும், அணுவைச் சிறியதொரு ஞாயிற்றுத் தொகுதியென்றும், கண்ணை ஒளிப்படக் கருவியென்றும் கூறிய அறிவியலாரும் உவமையின் துணைகொண்டே கற்பித்தனர். எனினும் உவமையை நுணுகி ஆராய்ந்த தமிழிலக்கண மரபு ஓர் எச்சரிக்கையைக் கைவிட்டதில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் உவமைக்கெனவே ஓரியல் வகுக்கப்பட்டுள்ளது. ஒருபுடை உவமை, முற்றுவமை என்னும் வேறுபாடு இலக்கண மரபிற் பேசப்படுகின்றது. முகத்தைத் திங்களோடு ஒப்பிடுமிடத்து ஒளியும் வட்ட வடிவும் கொள்ளப்படுமேயன்றிக் களங்கமும் தேய்தலும் கொள்ளப்படா. எப்புடை ஒக்கும், எப்புடை ஒவ்வாது என்று தெளிந்த பின்னரே உவமை பயன்தரும். அவ்வெல்லையை மறந்தவிடத்து அது பொருளை விளக்காது மறைத்துவிடும்.

உயிரிரசாயனவியலிலே வெல்லச் சங்கிலிகளைப் பற்றியும், அவை புரதங்களோடு கொள்ளும் உறவைப் பற்றியும் எழுந்த ஆராய்ச்சி இவ்வுண்மைக்குத் தக்கதொரு சான்றாகும். அத்துறையை இரண்டு உவமைகள் ஆண்டு வந்துள்ளன. ஒன்று பூட்டும் திறவுகோலும் என்பது. மற்றது சங்கேத மொழி என்பது. இவ்விரண்டும் எவ்வளவு தூரம் பொருந்தும், எவ்விடத்துப் பொருந்தாது என ஆராய்தல் கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் பயனுடையதாகும்.

வெல்லம் என்னும் சொல் இங்குப் பனங்கட்டியையோ சீனியையோ மட்டும் குறிப்பதன்று. குளுக்கோசு, கலக்டோசு, மனோசு, பியூக்கோசு முதலிய எளிய வெல்லங்களும் அவற்றின் வழிப்பொருள்களும் ஒன்றோடொன்று பிணைந்து சங்கிலியாகவும் கிளைவிட்ட மரமாகவும் அமைதலுண்டு. மனித உடலில் இவ்வமைப்புகளுக்கு அலகாக நிற்பவை ஏறத்தாழப் பத்து வகை வெல்லங்களே. இச்சங்கிலிகள் புரதங்களிலும் கொழுப்புகளிலும் பிணைந்து, ஒவ்வொரு கலத்தின் புறத்தையும் அடர்ந்த போர்வைபோல் மூடியுள்ளன. கலத்தை நாடி வருவது பற்றீரியாவாயினும், வைரசாயினும், நச்சாயினும், அயலிலுள்ள மற்றொரு கலமாயினும், முதலில் எதிர்கொள்வது இப்போர்வையையே. இருந்தும் நெடுங்காலம் பாடநூல்கள் காபோவைதரேற்றை எரிபொருளென்றும் தாங்குபொருளென்றும் கூறி அமைந்தன. மாப்பொருளும் கிளைக்கோசனும் ஒருபுறம், செலுலோசும் கைற்றினும் மறுபுறம் என்பதோடு பாடம் முடிந்தது. புரதத்தோடு ஒட்டியிருந்த வெல்லம் ஆராய்ச்சிக்கு இடையூறெனவே பலரால் எண்ணப்பட்டது.

பூட்டு, திறவுகோல் உவமை வெல்லத்திலிருந்தே பிறந்தது என்பது பலர் மறந்த செய்தி. ஜேர்மானிய இரசாயன அறிஞராகிய எமில் பிஷர் 1891ஆம் ஆண்டில் குளுக்கோசின் வெளியமைப்பைத் துணிந்தார். அதன்பின் இரண்டு மெதயில் குளுக்கோசைட்டுகளை எடுத்து நொதியங்களின் செயலை ஆராய்ந்தார். அவ்விரண்டும் ஒரே அணுக்களால் ஆனவை. ஒரேயொரு காபன் அணுவில் அமைந்த பிணைப்பின் திசையால் மட்டும் வேறுபட்டவை. மதுவத்தினின்று பெற்ற நொதியம் அல்பா வடிவையே பிளந்தது. வாதுமையினின்று பெற்ற எமல்சின் பீற்றா வடிவையே பிளந்தது. இவ்வளவு சிறிய வேற்றுமையை நொதியம் அறிந்துகொள்ளுமாறு எங்ஙனம் என வினவிய பிஷர், பூட்டுக்குத் திறவுகோல் பொருந்துமாறுபோல இரண்டும் வடிவாற் பொருந்துகின்றன என 1894இல் விடை கூறினார். 1902இல் அவர் நோபல் பரிசு பெற்றார். நொதியத்தைப் பொறுத்தமட்டில் அவ்வுவமை இன்றும் பெரும்பாலும் செல்லும். இன்புளுவென்சா வைரசின் நியூராமினிடேசு என்னும் நொதியத்தின் குழியில் இறுகப் பொருந்துமாறு வடிவமைக்கப்பட்ட சனமிவிர் என்னும் மருந்து 1999ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தமை அதற்குச் சான்று.

ஆனால் வெல்லத்தைப் பிளக்கும் புரதம் வேறு. வெல்லத்தைப் பிளவாது பற்றிக்கொள்ள மட்டும் செய்யும் புரதம் வேறு. இரண்டாம் வகைப் புரதங்கள் முதலில் விதைகளிலேதான் அறியப்பட்டன. 1888இல் டோர்ப்பாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஹேர்மன் ஸ்ரில்மார்க் என்பவர் ஆமணக்கு விதையின் சாறு செங்குருதிக் கலங்களைத் திரளச் செய்வதைக் கண்டார். பின்னர்க் குன்றிமணியிலும் அத்தகைய பொருள் காணப்பட்டது. ஒருவகை அவரை விதையிலிருந்து ஜேம்ஸ் சம்னர் 1919இல் கொங்கனவலின் என்னும் புரதத்தைப் பளிங்காக்கிப் பெற்றார். அப்புரதம் செங்குருதிக் கலங்களைத் திரளச் செய்வதைக் கருப்பஞ்சீனி தடுக்கின்றது என 1936இல் அவரும் ஹவெல் என்பவரும் காட்டினர். கலத்தின் மேலுள்ள வெல்லத்தையே அப்புரதம் பற்றுகின்றது என்பதற்குக் கிடைத்த முதற் சான்று அதுவாகும். சில விதைச் சாறுகள் ஒரு குருதிவகையைத் திரட்டி மற்றொன்றைத் திரட்டாது விடுவதைக் கண்ட வில்லியம் போயிட், 1954இல் எலிசபெத் சாப்லீயுடன் சேர்ந்து இப்புரதங்களுக்கு இலெக்டின் எனப் பெயரிட்டார். தெரிந்தெடுத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்த பெயர் அது. யாழ்ப்பாணத்து முற்றங்களில் விழும் பலாக்கொட்டையிலும் அத்தகைய புரதம் உண்டு. யக்கலின் எனப்படும் அதன் முப்பரிமாண அமைப்பை 1996இல் வெளிப்படுத்தியவர் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்தார்.

குருதி வகைகளின் வரலாறு இத்தெரிவுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1900 முதல் லாண்ட்ஸ்ரைனர் கண்ட ஏ, பி, ஓ என்னும் வகைகளின் இரசாயன அடிப்படையை, 1950களில் இலண்டன் லிஸ்டர் நிறுவகத்தைச் சேர்ந்த வால்டர் மோர்கனும் வினிபிரெட் வாட்கின்சும் தெளிவாக்கினர். ஏ வகைச் சங்கிலியின் முனையில் இருப்பது என்-அசற்றைல்கலக்டோசமைன். பி வகையின் முனையில் இருப்பது கலக்டோசு. ஓ வகையில் இரண்டும் இல்லை. ஒரே வெல்லத்தின் இரண்டாங் காபனில் அமைந்த சிறு கூட்டம் ஒன்றே மாறியது. அம்மாற்றம் உயிரைக் காக்கும் குருதியை உயிரைப் போக்கும் குருதியாக்குகின்றது. இவ்விரு வெல்லங்களையும் சங்கிலியில் இணைக்கும் நொதியங்கள் நான்கே அமினோவமிலங்களால் வேறுபடுகின்றன என 1990இல் யமமொட்டோ குழுவினர் காட்டினர். இவற்றுக்கெல்லாம் அடியாகவுள்ள பியூக்கோசு இல்லாத குருதியுடையோர் பம்பாயிலே 1952இல் அறியப்பட்டமையால் அவ்வகை இன்றும் பம்பாய்க் குருதிவகை எனப்படுகின்றது.

இத்தகைய செய்திகள் பெருகவே, முனையிலுள்ள வெல்லத்தை எழுத்தாகவும், சங்கிலியைச் சொல்லாகவும், இலெக்டினைப் படிப்போனாகவும் கருதும் எண்ணம் தோன்றியது. இதுவே சங்கேத உவமை. 1988இல் றேமண்ட் டுவெக்கும் அவர்தம் தோழரும் கிளைக்கோவுயிரியல் என்னும் பெயரை இத்துறைக்கு வழங்கினர். 1994இல் ரொஜர் லேன் ஒரு கணக்கை வெளியிட்டார். ஆறு வெல்லங்கள் சேர்ந்து ஆகக்கூடிய வேறுபட்ட அமைப்புகளின் தொகை 1.05 × 10¹², அதாவது ஓர் இலட்சங் கோடிக்கு மேல், என்பது அவர் கண்ட முடிவு. நான்கு எழுத்துகளையுடைய டி.என்.ஏ.யில் ஆறெழுத்துச் சொற்கள் 4,096 மட்டுமே. இருபது அமினோவமிலங்களால் ஆன ஆறலகுச் சங்கிலிகள் 6 கோடி 40 இலட்சமே. ஆகவே கருவமிலம் முதலாவது நெடுங்கணக்கு, புரதம் இரண்டாவது, வெல்லம் மூன்றாவது என்றும், மூன்றனுள்ளும் செய்தியை மிகுதியாகச் சுமப்பது வெல்லமே என்றும் கூறலாயினர். 2009இல் ஹான்ஸ் யோகிம் காபியஸ் பதிப்பித்த பெருந்தொகுப்பு வெல்லச் சங்கேதம் என்பதனையே தலைப்பாகக் கொண்டது.

இவ்வுவமை செய்த நன்மையை மறைத்தல் நேர்மையன்று. எரிபொருளென்றும் அழுக்கென்றும் எண்ணி ஒதுக்கப்பட்ட ஒரு பொருளுக்கு உயிரியலிலே மதிப்பிடம் பெற்றுத் தந்தது அது. மாணவரை ஈர்த்தது, நிதி வழங்குவோரை இணங்கச் செய்தது, ஆராய்வோர்க்குத் தேடும் பொருள் ஒன்றைக் காட்டியது. இரண்டு கிளைசீன் சேர்ந்தால் ஒரேயோர் இருபெப்தைட்டுத்தான் உண்டாகும். ஆனால் இரண்டு குளுக்கோசு வளையங்கள் சேர்ந்தால் பதினொரு வெவ்வேறு பொருள்கள் உண்டாகலாம். மோற்றோசு ஒன்று, செலோபயோசு மற்றொன்று. முன்னதன் இணைப்பைத் தொடர்ந்தால் சோறாகும் மாப்பொருள். பின்னதன் இணைப்பைத் தொடர்ந்தால் பருத்தி நூல். இவ்வேறுபாட்டின் வளத்தைக் கற்போர் மனத்திற் பதித்த பெருமை சங்கேத உவமைக்கு உண்டு. எழுத்துகள் பலவாதல், அவை கூடும் முறைகள் மிகப் பலவாதல், அவற்றைப் பகுத்தறியும் புரதங்கள் உண்டாதல் என்னும் மூன்றளவில் உவமை பொருந்துகின்றது. அம்மூன்றுக்கு அப்பாலே இடர் தொடங்குகின்றது.

முதலாவது, சங்கேதம் என்றால் அதனை எழுதும் முறை வரையறையுடையதாதல் வேண்டும். டி.என்.ஏ.யின் வரிசை புரதத்தின் வரிசையைத் துணியும். 1961இல் நிரென்பேர்க்கு தொடக்கிய ஆராய்ச்சியால் 1966 அளவில் 64 மும்மைகளுக்கும் பொருள்கூறும் அட்டவணை நிறைவுற்றது. வெல்லச் சங்கிலிக்கு அத்தகைய படியச்சு இல்லை. ஏறத்தாழ 200 நொதியங்கள் கலத்தினுள்ளே வரிசையாக நின்று, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெல்லத்தைச் சேர்க்கின்றன. ஆசுபரசீன் என்னும் அமினோவமிலத்தோடு இணையும் சங்கிலியை எடுத்துக்கொண்டால், பதினான்கு வெல்லங்களாலான ஒரே தொகுதி முதலிற் பொருத்தப்பட்டுப் பின்னர்ச் செதுக்கப்பட்டும் கூட்டப்பட்டும் உருப்பெறுகின்றது. எந்நொதியம் எவ்வளவு உண்டு, மூலப்பொருள் எவ்வளவு கிடைத்தது, புரதம் எத்துணை நேரம் அவ்விடத்தே தங்கியது என்பனவெல்லாம் முடிவை மாற்றும். மாட்டின் இரைபோனியூக்கிளியேசு பி என்னும் புரதத்தில் வெல்லம் ஒட்டும் இடம் ஒன்றே. அவ்வோரிடத்தில் ஐந்து மனோசு உடைய சங்கிலி முதல் ஒன்பது மனோசு உடைய சங்கிலி ஈறாக ஐவகையும் ஒரே விலங்கில் கலந்து காணப்படுகின்றன. எழுதும்போதே ஐந்து விதமாக எழுதப்படும் ஒன்றைச் சங்கேதம் எனல் எங்ஙனம் பொருந்தும்?

ஓர் இலட்சங் கோடி என்னும் கணக்கும் இவ்விடத்தே தளர்கின்றது. அது தாளின்மேல் எழுதக்கூடிய அமைப்புகளின் தொகை; உயிர் எழுதும் அமைப்புகளின் தொகையன்று. கையிலுள்ள நொதியங்கள் செய்ய வல்லனவே உடலில் உண்டாகும். மனித உடலிலே புரதங்கள் இனங்காணத்தக்க வெல்ல அமைப்புகள் ஆயிரக்கணக்கினவே என மதிப்பிடப்பட்டுள்ளன. தமிழ் எழுத்துகளை ஆறாறாக அடுக்கி வரும் கோவைகளையெல்லாம் எண்ணி, தமிழிலே அத்துணைச் சொற்கள் உள்ளன என்று கூறுவார் உளரோ? கணக்கிற் பிழையில்லை, கணக்கிலிருந்து கொள்ளப்பட்ட முடிவிலேயே பிழை உண்டு. லேன் தாமும் அத்தொகையை ஆய்கருவிகள் கடக்க வேண்டிய தடையாகவே முன்வைத்தார். அதனைச் செய்தியின் கொள்ளளவாகக் கொண்டவர் பின்வந்தோரே.

இரண்டாவது, சங்கேதத்தைப் படிப்போன் ஒவ்வோர் எழுத்தையும் ஐயமறப் படித்தல் வேண்டும். வெல்லத்தைப் பற்றும் புரதத்தின் நிலை அதுவன்று. வெல்லத்தின் ஐதரொட்சிற் கூட்டங்கள் நீரிலே நீர் மூலக்கூறுகளோடு ஐதரசன் பிணைப்புக் கொண்டு நிறைவோடு இருக்கின்றன. அவற்றை நீரினின்று பிரித்துப் புரதத்தின் மேற்பரப்பிற் சேர்க்கும்போது இழந்த பிணைப்புக்கு ஈடாகப் புதிய பிணைப்புக் கிடைக்கின்றதேயன்றி மிகுந்த இலாபம் இல்லை. ஆதலின் ஒற்றை வெல்லம் ஒற்றைக் குழியிலே பொருந்தும் பற்று பெரும்பாலும் நலிந்தது. இன்புளுவென்சா வைரசின் குருதித்திரட்டிப் புரதம் சயலிக்கமிலத்தைப் பற்றும் வலிமையை 1989இல் அளந்தபோது அது மில்லிமோலர் அளவிலேயே நின்றது. மனிதர்க்குரிய வைரசு ஆறாங் காபனோடு இணைந்த சயலிக்கமிலத்தையும், பறவைக்குரியது மூன்றாங் காபனோடு இணைந்ததையும் விரும்பும் என்பது பலரும் அறிந்தது. ஆனால் தனியொரு குழியில் அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய இருமடங்கினுள் அடங்கும். ஓரெழுத்தைப் படிக்குமிடத்து இவ்வளவு தடுமாறும் புரதம் மனிதனையும் பறவையையும் பிரித்தறிவது எங்ஙனம்?

விடை எண்ணிக்கையிலே உள்ளது. ஒரு வைரசின் மேல் அப்புரதத்தின் முட்கள் சில நூறு உள; கலத்தின் மேல் சயலிக்கமிலம் அளவிறந்து உண்டு. தனித்தனியே நலிந்த பற்றுகள் பல ஒருங்கு சேரும்போது, ஒன்றிற் சிறிதாகிய வேறுபாடு பலவற்றிற் பெரிதாகின்றது. இதனைத் திட்டமாகக் காட்டியது ஈரல் பற்றிய ஆராய்ச்சி. 1960களின் பிற்பகுதியில் கில்பேட் ஆஷ்வெல்லும் அனற்றோல் மொறெல்லும் செருலோபிளாசுமின் என்னும் குருதிப் புரதத்தின் சயலிக்கமிலத்தை நீக்கி முயலின் குருதியிற் செலுத்தினர். நாட்கணக்கில் தங்கவேண்டிய புரதம் நிமிடங்களுள் ஈரலால் அகற்றப்பட்டது. சயலிக்கமிலம் நீங்கவே வெளிப்பட்ட கலக்டோசை ஈரற் கலத்திலுள்ள வாங்கி ஒன்று பற்றியதே காரணம். கலக்டோசு முனைகள் ஒன்று, இரண்டு, மூன்று என ஒரே சங்கிலியிற் கூடுந்தோறும் அவ்வாங்கியின் பற்று ஏறக்குறைய ஆயிர மடங்கு வீதம் பெருகுவதை 1980களில் லீ என்பவரின் ஆய்வுகூடம் அளந்தது. எழுத்து மாறவில்லை; எழுத்தின் தொகையும் அவற்றிடையேயுள்ள தூரமுமே மாறின. பொருளோ முற்றிலும் மாறியது. எழுத்தைப் பெரிதாக அச்சிட்டாலும் சிறிதாக அச்சிட்டாலும் சங்கேதத்தின் பொருள் மாறுவதில்லை. வெல்லத்தில் அது மாறுகின்றது.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று; நோயாளர் நலனும் இதனைச் சார்ந்துள்ளது. எழுத்தொன்றைக் கண்டறிந்து அதன் படியைக் கொடுத்தால் நச்சையோ வைரசையோ ஏமாற்றலாம் என்னும் நம்பிக்கை சங்கேத உவமையின் வழிப் பிறந்தது. ஒற்றை வெல்லத்தாற் செய்த தடைகள் பெரும்பாலும் வலுவற்றவையாயின. 2000ஆம் ஆண்டில் கனடாவின் அல்பேட்டாப் பல்கலைக்கழகத்தார் வேறு வழி சென்றனர். ஷிகா வகை நச்சின் பற்றுப்பகுதி ஐந்து கூறுகளால் ஆனது. அதற்கேற்ப ஐந்து கைகளும் ஒவ்வொரு கையிலும் இரண்டு வெல்லத் தொகுதிகளும் உடைய உடுமீன் போன்ற மூலக்கூறொன்றை அவர்கள் அமைத்தனர். ஒற்றைத் தொகுதியைவிட அது பத்திலட்ச மடங்குக்கு மேலும் வலிமையாக நச்சைத் தடுத்தது. ஈரலின் வாங்கி தந்த பாடமும் வீண்போகவில்லை. முக்கிளைகளில் என்-அசற்றைல்கலக்டோசமைனைத் தாங்கிச் சென்று ஈரலில் மருந்தைச் சேர்க்கும் கிவோசிரன் 2019இல் ஐக்கிய அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. அங்கு வெற்றிதந்தது வெல்லம் இன்னதென்பது மட்டுமன்று. அது மூன்றாக, தக்க இடைவெளியோடு அமைந்தமையுமாகும்.

மூன்றாவது, சங்கேதம் படிக்கப்படுதற்கென்றே உள்ளது. வெல்லச் சங்கிலிகளுட் பல படிக்கப்படாமலே தொழில் புரிகின்றன. 2019ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றிய கொரோனா வைரசின் முட்புரதத்தில் ஒவ்வொரு கூற்றுக்கும் 22 ஆக, மூன்று கூறுகளிலும் 66 இடங்களில் வெல்லம் ஒட்டக்கூடும் என 2020இல் வெளியான ஆய்வுகள் காட்டின. விருந்தோம்பும் கலமே செய்த அச்சங்கிலிகள், புரதத்தை நமது பிறபொருளெதிரிகளின் கண்ணினின்று மறைக்கும் கவசமாகின்றன. அவற்றுட் சில, முட்புரதத்தின் பற்றுப்பகுதி திறந்து நிற்பதற்கு முட்டுக்கொடுப்பதையும் கணிப்பொறி ஆய்வுகள் உணர்த்தின. கவசத்தையும் முட்டுக்கட்டையையும் எழுத்தென்று படிக்க முயல்வோன் இல்லாத செய்தியைத் தேடுவோனாவான். குருதி வகையின் ஏ, பி என்னும் வெல்லங்களுங்கூட எச்செய்தியைக் கூறுகின்றன? அவ்விரண்டும் இல்லாத ஓ வகையினர் நலமாகவே வாழ்கின்றனர். ஒவ்வாத குருதி ஏற்றப்பட்டபோது நேரும் கேடு வெல்லம் சொன்ன செய்தியால் நேர்வதன்று. பத்துக் கைகளையுடைய பிறபொருளெதிரி, ஒவ்வொரு செங்குருதிக் கலத்திலும் பத்திலட்ச அளவிற் செறிந்த வெல்லத்தைப் பற்றியிழுப்பதால் நேர்வது. அங்கும் தொகையே வெல்கின்றது.

உவமை மனத்தை மட்டுமன்றிக் கருவியையும் வடிவமைக்கும் என்பது கருதத்தக்கது. கண்ணாடித் தகட்டிலே நூற்றுக்கணக்கான வெல்லச் சங்கிலிகளைப் புள்ளிபுள்ளியாகப் பதித்து, எப்புரதம் எதனைப் பற்றும் எனக் காணும் முறை 2002 முதல் வளர்ந்தது. 2004இல் வெளியான தகடொன்று ஏறத்தாழ 200 சங்கிலிகளைத் தாங்கியது. பறவைக் காய்ச்சல் வைரசு மனிதரிடையே பரவத்தக்கதாக மாறுகின்றதா எனக் கண்காணிப்பதற்கு இம்முறை பெருந்துணை புரிந்துள்ளது. ஆயினும் தகடு அகராதி வடிவினது: ஒரு புள்ளி, ஒரு சொல், ஒரு விடை. உயிர்க்கலத்திலோ சங்கிலிகள் புரதங்களின் மேலும் கொழுப்பின் மேலும் அசைந்துகொண்டும் நெருங்கியும் விலகியும் நிற்கின்றன. தகட்டிலே புள்ளியின் செறிவை மாற்றினால் ஒரே இலெக்டின் வேறு விடை தருதலும் உண்டு. கருவி பிழையானதன்று, அது கேட்கும் வினாவிலேயே சங்கேதம் என்னும் முற்கோள் அடங்கியுள்ளது என்பதனை உணர்ந்து அதன் விடையைக் கொள்ளல் வேண்டும்.

மறுபக்கத்தாருக்கும் வலிய சான்றுகள் உள. குருதி உறைதலைத் தடுக்கும் எப்பரின் நீண்ட சங்கிலி. அதனுள்ளே ஐந்து வெல்லங்கள் குறித்த ஒழுங்கில் நின்று, நடு வெல்லத்தின் மூன்றாமிடத்தில் சல்பேற்றுக் கூட்டமும் பெற்றிருந்தாலே எதிர்த்துரொம்பின் என்னும் புரதம் அதனை இறுகப் பற்றும். அச்சல்பேற்று நீங்கின் பற்று அற்றுப்போகும். அவ்வைந்து வெல்லங்களைத் தொகுத்துச் செய்த பொண்டபரினக்சு என்னும் மருந்து 2001இல் ஏற்கப்பட்டு இன்றும் வழங்குகின்றது. சரியாக மடியாத புரதத்தை அதன் சங்கிலியில் எஞ்சிய ஒரு குளுக்கோசால் இனங்கண்டு நிறுத்திவைக்கும் ஏற்பாடும் கலத்தினுள் உண்டு. இவ்விடங்களில் சங்கேத உவமை முற்றுவமைக்கு அணித்தாக நிற்கின்றது. ஆகவே அவ்வுவமை பொய்யென்று தள்ளத்தக்கதன்று; இத்துறையின் ஒருபகுதிக்கு உரியதை முழுத்துறைக்கும் உரியதாக ஆக்கியதே குற்றம். 1993இல் அஜித் வர்க்கி வெல்லச் சங்கிலிகளின் தொழில்களைத் தொகுத்து எழுதிய கட்டுரைக்கு, எல்லாக் கொள்கைகளும் சரியானவையே என்னும் கருத்தமைந்த தலைப்பை இட்டார். அது நகைச்சுவைபோலத் தோன்றினும் ஒற்றை உவமையின் ஆட்சிக்கு எதிரான அறிவுரையாகும்.

நிகண்டுகளில் ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி என்றொரு பகுதி உண்டு. அங்குக் கூறப்படும் சொற்களின் பொருள் இடமும் சார்பும் நோக்கியே துணியப்படும். வெல்லச் சங்கிலியின் நிலையும் அத்தகையதே. ஒரே சங்கிலி ஓரிடத்திற் கவசம், மற்றோரிடத்தில் கைப்பிடி, வேறோரிடத்தில் கழிவுக்கான அடையாளம். வயல் வரம்பிற் செல்வோரின் ஆடையில் ஒட்டும் நாயுருவி விதையை மற்றோர் உவமையாகக் கூறலாம். ஒரு விதை ஒட்டினால் உதறியவுடன் வீழும். நூறு ஒட்டினால் இருந்து பறித்தாலன்றி நீங்கா. நலிந்த பற்றுகள் பல கூடி வலிய பற்றாதலை அது காட்டும். ஆனால் நாயுருவி பட்டையும் பருத்தியையும் தெரிந்தெடுப்பதில்லை, இலெக்டின் தெரிந்தெடுக்கும். ஆதலின் அதுவும் ஒருபுடை உவமையே. அதனையும் எல்லையறிந்தே கையாளல் வேண்டும்.

இவ்வெல்லையை உணர்தல் வருங்கால ஆராய்ச்சிக்கும் இன்றியமையாதது. புரதத்தின் மடிப்பை அமினோவமில வரிசையிலிருந்து கணிக்கும் முறைக்காக டெமிஸ் ஹசாபிசும் ஜோன் ஜம்பரும் 2024இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். 2021இல் அவர்தம் முறையால் வெளியான பெருந்தரவகம் காட்டிய புரதங்களின் மேல் வெல்லம் இல்லை. 2024இல் வெளிவந்த அடுத்த பதிப்பு வெல்லத்தையும் சேர்த்து வரைய வல்லதாயினும், எவ்விடத்தில் எச்சங்கிலி நிற்கும் என்பதனைப் பயன்படுத்துவோரே கூறுதல் வேண்டும். பரம்பரை அலகிலே அது நேராக எழுதப்படாமையே காரணம். எழுதப்படாத ஒன்றை வரிசையிலிருந்து படித்துவிடலாம் என எதிர்பார்ப்பது, சங்கேதம் என்னும் சொல் விளைத்த மயக்கமேயாகும். அதனை உயிருள்ள கலத்திலே நேரிற் காணல் வேண்டும். கலத்துக்கு ஊறின்றி வெல்லத்துக்கு அடையாளம் இட்டுக் காணும் முறையை வகுத்த கரொலின் பெர்டோசி 2022இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றமை அவ்வழியின் பெருமையை உணர்த்தும்.

உயர்தர வகுப்பிலே காபோவைதரேற்றைக் கற்பிப்போர், எரிபொருள், தாங்குபொருள் என்பனவற்றோடு கலத்தின் முகமாகவும் அதனைக் காட்டுதல் நன்று. அங்ஙனம் காட்டுமிடத்துச் சங்கேதம் என்னும் சொல்லை விலக்கவேண்டுவதில்லை. அதனைக் கூறியவுடனே மூன்று வினாக்களையும் உடன் எழுப்புதல் வேண்டும்: இதனை எழுதும் படியச்சு எங்கே? ஓரெழுத்தின் பற்று எவ்வளவு? எத்தனை எழுத்துகள், எவ்வளவு நெருங்கி நிற்கின்றன? இம்மூன்றுக்கும் விடைதேடும் மாணவன் பூட்டையும் அறிவான், சங்கேதத்தையும் அறிவான், இரண்டுக்கும் அடங்காத வெல்லத்தையும் அறிவான்.